சரோஜாம்மாவுக்காகப் போட்ட பன்

1. ராகி பிரெட்

கவுன்டரில் ஒருவர், "கோதுமையே இல்லாத பிரெட் எதுனா இருக்குதாம்மா?" என்று கேட்டது உள்ளே ஓவன் பக்கத்தில் நின்ற என் காதில் விழுந்தது. கவுன்டரில் இருந்த பெண், "ராகி பிரெட் எடுத்துக்கங்க சார், அது ராகியில பண்ணது" என்று சொல்லி ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

அவள் மேல் தப்பில்லை. பாக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கும். ஆனால் அந்த மாவை எடை போடுகிறவன் நான். பத்துக் கிலோ மாவில் ராகி இரண்டு கிலோ, கோதுமையிலிருந்து எடுக்கிற மைதா எட்டுக் கிலோ, நிறத்துக்குக் கொஞ்சம் கேரமல். எங்கள் கடையில் மட்டுமல்ல, பெரும்பாலான கடைகளில் இப்படித்தான். முழுக்க ராகியில் போட்டால் பிரெட் எழும்பாது.

மாவுக் கையோடு வெளியே வந்து, "சார், அத வாங்காதீங்க. அதுல மைதாதான் ஜாஸ்தி" என்றேன்.

அவர் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். தோளில் ஒரு துணிப்பை. "மூணு மாசமா பெங்களூரு முழுக்க சுத்தறேன். வாங்காதேன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான் மாஸ்டர்" என்றார்.

அவர் பெயர் கோதண்டம். பிரஸ்ஸில் அச்சுக் கோத்து, பிறகு மெஷின் ஓட்டி ஓய்ந்தவர். வீடு ஒக்கலிபுரம். மனைவி சரோஜாம்மாவுக்கு ஒரு வருடமாக வயிற்றுப்போக்கு, ரத்தக் குறைவு, உடம்பு கரைந்துகொண்டே போனது. அல்சர் என்று ஒருவர் பார்த்தார், குடல்புழு என்று ஒருவர் பார்த்தார். கடைசியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், கோதுமையில் இருக்கிற குளூட்டன் அவருடைய குடலுக்கு ஆகாது, சாகும்வரை ஒரு துணுக்குக்கூட உள்ளே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"சோறு, இட்லி எல்லாம் துன்றா. ஆனா காலையில டீயில பன்ன நனைச்சி துன்னாதான் அவளுக்குப் பொழுது விடியும். நாப்பது வருசப் பழக்கம். அது இல்லாம மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்துக்கறா."

துணிப்பையைத் திறந்து காலி பிரெட் கவர்களை எடுத்து கவுன்டர் மேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றையும் நீவி மடித்து வைத்திருந்தார்.

"இது சூப்பர் மார்க்கெட்ல வாங்கனது. வாயில போட்டா மணலு மாரி உதிருது. இது ஐஸ் பொட்டியில வெச்சி குடுத்தான், டோஸ்ட் பண்ணா ரப்பரு. இதுல பாருங்க, மூஞ்சியில பெருசா குளூட்டன் இல்லன்னு போட்டுட்டு, பின்னாடி எறும்பு சைசுல கோதுமை புழங்கற எடத்துல செஞ்சதுன்னு போட்டுக்கறான். பூதக்கண்ணாடி வெச்சிப் படிச்சேன். இது பன்னு. எங்கூட்டம்மா ஒரு கடி கடிச்சிட்டு, 'இன்னாய்யா, தலகாணிய துன்ற மாரி கீது'ன்னா."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். கவர்களை மறுபடி பைக்குள் அடுக்கிக்கொண்டு வெறுங்கையோடு போனார்.

2. மாடி ரூம்

அன்று சாயங்காலம் எங்கள் முதலாளி சலீம் பாயிடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "வாரத்துக்கு நாலு பேரு இப்புடி கேட்டுட்டு வாராங்க மாஸ்டர். நம்மளே போட்டா என்ன?" என்றார். முதலில் எனக்கு நம்பிக்கை இல்லை. மாவை இழுத்துப் பிடித்து வைப்பதே அந்த குளூட்டன்தான். அது இல்லாமல் பன் போடுவது எலும்பில்லாமல் ஆளை நிற்க வைப்பது போல.

ஆனால் பாய் அரைகுறையாக எதையும் செய்கிறவர் அல்ல. மாடியில் ஸ்டோராக இருந்த ரூமைக் காலி செய்து, கழுவி, பெயின்ட் அடித்தார். புது மிக்ஸர், புது டின், புது தட்டு, சின்னதாக ஒரு தனி ஓவன். கீழே இருக்கிற பிரெட் வெட்டும் மெஷினில் இதை வெட்டக் கூடாது என்று புதுக் கத்தி. நான் காலையில் குளித்து, வேறு சட்டை போட்டு, வாசலில் செருப்பை மாற்றி, முதலில் மாடி வேலையை முடித்துவிட்டுத்தான் கீழே மைதா பக்கம் இறங்குவேன்.

பயிற்சி கொடுக்க ஒரு மேடம் நாலு நாள் வந்தார். அரிசி மாவு, மரவள்ளி மாவு, முட்டை, ஈஸ்ட், இவற்றைப் பிடித்து வைக்க இசப்கோல் உமி. பிசைவது கிடையாது. இட்லி மாவு போலக் கரைத்து வளையத்தில் ஊற்ற வேண்டும். ஆறு தடவை எனக்குக் கெட்டுப்போனது. மேலே வெந்து உள்ளே களியாக இருக்கும், அல்லது ஓவனிலிருந்து எடுத்ததும் அமுங்கிவிடும். ஏழாவது தடவை பன் நிமிர்ந்து நின்றது. பிய்த்துப் பார்த்தால் மைதா பன் போல நூல் நூலாக வரவில்லை, ஆனால் மெத்தென்று இருந்தது. மேடம் பக்கத்திலேயே நின்று அந்தத் தட்டிலிருந்து எடுத்து லேபுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் சரியாக வந்தது. கோதுமை இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு கிலோ மாவுதான். இருபத்தைந்து பன்கூட வராது. அதில் தினமும் இரண்டு சரோஜாம்மாவுக்கு. கோதண்டம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஏறி வந்து வாங்கிப் போவார். இந்த பன் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது, அதனால் மொத்தமாகக் கொடுக்க மாட்டேன்.

முதல் தடவை வாங்கிப் போன மறுநாளே வந்துவிட்டார். "இன்னா சொன்னா தெரியுமா மாஸ்டர்? 'இது பன்னு'ன்னா. அவ்ளோதான். வேற ஒண்ணும் பேசல. ரெண்டும் காலி."

முப்பத்தொரு வருடம் ஓவன் முன்னால் நின்றிருக்கிறேன். அதுபோல ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

3. நாலாவது சிட்டிகை

இங்கே என் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் கத்தோலிக்கர். ஒவ்வொரு வருடமும் அந்தோணியார் திருநாளில் கோயிலில் ரொட்டி மந்திரித்துக் கொடுப்பார்கள். மாவுத் தொழில் செய்கிறவன் என்பதால் நான் ரொட்டியோடு ஒரு பொட்டலம் மாவும் கொண்டுபோய் பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி வருவேன். அதை ஒரு சின்ன அலுமினிய டப்பாவில் போட்டு வைத்திருப்பேன். தினமும் நாளின் முதல் மாவில், பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று சிட்டிகை, சிலுவை போல. அதற்குப் பிறகுதான் மிக்ஸரை ஓட விடுவேன். ஒரு நாள்கூட தவறியதில்லை.

மாடி ரூம் வந்த பிறகு நாளின் முதல் மாவு என்பது மாடியில் கரைக்கிற மாவுதான்.

ஒரு நாள் கோதண்டம், "மாஸ்டர், நீங்க ஜெபம் பண்ணிட்டுதான் மாவு போடுவீங்கன்னு கவுன்டர்ல சொன்னாங்க. எந்த சாமியா இருந்தா இன்னா. சரோஜா பேரையும் சேத்துக்கங்க" என்றார். சரிண்ணே என்றேன். மறுநாளிலிருந்து சரோஜாம்மா பெயரைச் சொல்லி நாலாவதாக ஒரு சிட்டிகை போட்டேன்.

படிக்கிறவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். டப்பாவில் இருந்தது மைதா. எனக்கு அது ஐந்து மாதம் புரியவில்லை. கையில் கோதுமைத் தூசி படக் கூடாது என்று நகம்கூட வெட்டிக்கொண்டு போனவன் நான். ஆனால் அந்த டப்பாவில் இருப்பது மாவு என்றே என் மனதில் படவில்லை. அது ஆசீர்வாதம். தீர்த்தம், தைலம் போல ஒன்று.

லேபுக்குப் போன அந்த முதல் தட்டில் கோதுமை ஏன் வரவில்லை என்றால், அன்று மட்டும் மேடம் பக்கத்தில் நின்றதால் கூச்சப்பட்டு, சிட்டிகை போடாமல் ஜெபத்தை வாய்க்குள்ளேயே முடித்துக்கொண்டேன்.

4. பெருங்காயம்

இரண்டு மாதம் கழித்து கோதண்டம் முகம் மாறியது. கோதுமையை விட்ட புதிதில் சரோஜாம்மாவுக்கு எடை இரண்டு கிலோ ஏறியிருந்தது. அது மறுபடி இறங்கியது. வயிறு பழையபடி ஆனது. கால் வீங்கியது.

"எங்கியோ கோதுமை போவுதுன்றாரு டாக்டரு" என்றார்.

எங்கே என்று அவர் வீடு முழுக்கத் தேடினார். வந்து என்னிடம் ஒவ்வொன்றாகச் சொல்வார். கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, அதைத் தூக்கிப் போட்டார். பக்கத்து வீட்டில் மாவு அரைப்பதை நிறுத்தித் தனியாக கிரைண்டர் வாங்கினார். கோயில் கேசரிப் பிரசாதம் ரவை என்று சரோஜாம்மா வாங்குவதை விட்டார். அக்கம்பக்கம் ஒரு கலியாணத்துக்குப் போவதில்லை. சாம்பார் பொடியை மாற்றினார். தோசைக்கல்லை மாற்றினார்.

"இனிமே மாத்தறதுக்கு நான் ஒருத்தன்தான் பாக்கி மாஸ்டர்" என்றார் ஒரு நாள்.

எதைச் சந்தேகப்பட்டாலும் பன்னைச் சந்தேகப்படவில்லை. வாங்காதே என்று சொன்ன ஆள் போட்ட பன் அல்லவா. நானும் சந்தேகப்படவில்லை. சரோஜாம்மாவுக்காக இன்னும் உருக்கமாக ஜெபித்தேன். அந்த நாட்களில் நாலாவது சிட்டிகை கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருக்கும்.

ஐந்தாம் மாதம் டாக்டர் கோபப்பட்டு, வெளியிலிருந்து வருகிற எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னார். கோதண்டம் எங்கள் கடை வாசலில் வந்து நின்று, ஏதோ கடன் கேட்க வந்தவர் போலத் தலையைச் சொறிந்தார். "தப்பா நெனைக்காதீங்க. சும்மா ஒரு டெஸ்ட்டுக்கு."

சலீம் பாய் அன்றே லேபுக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்தது. கோதுமை இருந்தது.

பாய் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனார். மாடி ரூமைப் பூட்டினார். அரிசி அரைத்துக் கொடுக்கிற மில்லுக்குப் போய்ப் பார்த்தார். அங்கே அதே மெஷினில் கோதுமையும் அரைத்தார்கள். எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. மில்லில் கலந்துவிட்டது என்று கோதண்டத்திடம் சொன்னோம். அவர், "பர்வாகில்ல, தெரிஞ்சுதே, அதுவே போதும்" என்றார். பிறகு, "மறுபடி எப்ப போடுவீங்க? அவ கேக்கறா" என்றார்.

5. கறுப்பு மாவு

பாய் மாடிக்கென்று சின்னதாக ஒரு அரைக்கும் மெஷின் வாங்கினார். அரிசியையும் ராகியையும் நாங்களே கழுவிக் காயவைத்து அரைத்தோம். சத்தாக இருக்கட்டும் என்று இந்தத் தடவை ராகியையும் நிறையச் சேர்த்தோம். மூன்று வாரம் கழித்து ரூமைத் திறந்தோம்.

மாவைக் கரைத்தேன். கண்ணை மூடி ஜெபம் பண்ணினேன். டப்பாவைத் திறந்து நாலு சிட்டிகை போட்டேன். மிக்ஸர் ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

இத்தனை மாதம் அது அரிசி மாவு. வெள்ளையில் வெள்ளை, விழுந்தது தெரிந்ததில்லை. அன்று கறுத்த ராகி மாவின் மேல் வெள்ளையாக ஒரு சிலுவை கிடந்தது. அதன் நடுவில் சரோஜாம்மாவின் பெயருக்குப் போட்டது தனியாகத் தெரிந்தது.

ஸ்விட்சைப் போடவில்லை. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. விரலைப் பார்த்தேன். நாக்கில் வைத்துப் பார்த்தேன். மைதா எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கீழே போய் பாயைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். டப்பாவையும் காட்டினேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"நாங்க துஆ கேக்கறப்போ வெறுங்கையதான் ஏந்தறோம் மாஸ்டர். கையில எதுக்கு மாவு?" என்றார் மெதுவாக.

நான் டப்பாவை மூடினேன்.

அந்த மாவைக் கொட்டினோம். மிக்ஸரை, தட்டை, வளையத்தை எல்லாம் கழற்றிக் கழுவினோம். டப்பாவை நான் கோயிலில் கொண்டுபோய்ச் சாமியாரிடம் கொடுத்துவிட்டேன்.

"மில்லுன்னு சொல்லியாச்சு. அது அப்புடியே இருக்கட்டும்னு எனக்கும் தோணுது" என்றார் பாய். "அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துச் சொல்ற தைரியம் எனக்கு இல்ல. சொல்றதுன்னா நீங்கதான் போவணும். போவாதீங்கன்னும் சொல்ல மாட்டேன்."

வீட்டில் என் மனைவி செசிலியிடம் சொன்னேன். சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணி, மன்னிப்பு வாங்கிவிட்டு வந்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டே, "சாமியாருக்கா வயித்துப்போக்கு?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். மறுநாள் ஒக்கலிபுரம் போனேன்.

6. ஒக்கலிபுரம்

சின்ன வீடு. ரயில் போகும்போது அலமாரிக் கண்ணாடி அதிரும். சரோஜாம்மாவை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன். வளையல் முழங்கை வரை ஏறிக் கிடந்தது. எழுந்திருக்கப் பார்த்தார், நான் வேண்டாம் என்றேன்.

"வாங்க மாஸ்டர். பன்னு போட்டவரு மூஞ்சிய இன்னிக்குதான் பாக்கறேன். நல்லாதான் கீறீங்க" என்றார். பிறகு என் கையைப் பார்த்து, "இன்னா, வெறுங்கையோட வந்துட்டீங்க" என்றார்.

உட்காராமலே சொல்லிவிட்டேன். மில்லு இல்லை, நான்தான். டப்பா, திருநாள், சிட்டிகை, எல்லாம் சொன்னேன். அலமாரிக் கண்ணாடியை அதிர வைத்து ஒரு ரயில் போனது.

"எம்பேரச் சொல்லியா போட்டீங்க?" என்று சரோஜாம்மா கேட்டார்.

"ஆமாம்மா. நாலாவது உங்க பேருக்கு."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஒண்ணையாவது உட்டிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

கோதண்டம் நாற்காலியிலிருந்து எழுந்தார். கன்னத்தில் அறைவார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, "நான்தான்டி கேட்டேன். உம் பேரச் சேத்துக்கச் சொல்லி நான்தான் மாஸ்டருகிட்ட சொன்னேன்" என்றார்.

"இல்லண்ணே, நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே மூணு போட்டுட்டுதான் இருந்தேன்" என்றேன். அது அவர் காதில் ஏறவில்லை. "நான்தான் கேட்டேன்" என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டார். என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். என் தப்பை அவர் எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

சரோஜாம்மா என்னிடம், "நீங்க போங்க மாஸ்டர். இத நான் பாத்துக்கறேன்" என்றார்.

7. ரிப்போர்ட்

அதற்குப் பிறகு கோதண்டம் கடைக்கு வரவில்லை.

மாடியில் மறுபடி வேலை தொடங்கினோம். மூன்று முறை லேபுக்கு அனுப்பினோம், மூன்று முறையும் சுத்தம். கடைசி ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து என் பையில் வைத்திருந்தேன். அவர் வீட்டுக்கு மறுபடி போக எனக்கு முகம் இல்லை. எங்காவது பார்த்தால் கொடுக்கலாம் என்று.

ஏழெட்டு மாதம் கழித்து சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கையில் முருங்கைக்காய். நானே போய்ப் பேசினேன்.

"சரோஜாம்மா எப்பிடி இருக்காங்க?"

"நாலு கிலோ ஏறிக்குது. கால் வீக்கம் வத்திடுச்சி. நல்லா கீறா மாஸ்டர்."

ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று மனதுக்குள் சொன்னேன். பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அச்சுக் கோத்தவர், எழுத்தை விட மாட்டார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கோபம் இல்லை.

"சரியாத்தான் கீது. நான் நம்பறேன். ஆனா அவ கைய நீட்ட மாட்டேங்கறா. நீங்கன்னு இல்ல, எந்தக் கடைதும். காலையில டீய மட்டும் குடிச்சிட்டு டம்ளர கவுத்துடறா. பன்னுன்ற பேச்சே எடுக்கறதில்ல."

அவருடைய பஸ் வந்தது. முருங்கைக்காயை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் நான் சொல்வது இதுதான். கோதுமை ஆகாதவர்களுக்கு பிரெட் போடுவது கஷ்டமில்லை. ஆறு தடவை கெட்டால் ஏழாவது தடவை வந்துவிடும். சல்லடையைப் பாருங்கள், கத்தியைப் பாருங்கள், மில்லைப் பாருங்கள். எல்லாம் பார்த்த பிறகு, நல்ல மனதோடு நீங்கள் தினமும் செய்கிற காரியம் எது என்று பாருங்கள். கெட்ட எண்ணத்தோடு செய்வதை நாம் ஒளித்துச் செய்கிறோம், பயந்து செய்கிறோம், அதனால் கவனித்துச் செய்கிறோம். நல்ல எண்ணத்தோடு செய்வதைத்தான் கண்ணை மூடிக்கொண்டு செய்கிறோம்.

ஜெபத்தை நான் விடவில்லை. கை கழுவுகிற இடத்திலேயே நின்று, ஈரக் கையோடு முடித்துவிட்டு உள்ளே போகிறேன்.

மாடி ரூம் இப்போதும் நடக்கிறது. குளூட்டன் இல்லாத பன் கேட்டு முதல்தடவையாக யார் வந்தாலும் கவுன்டரில் என்னைக் கூப்பிடுவார்கள். ரிப்போர்ட்டைக் காட்டுவதற்கு முன்னால் இங்கே நடந்ததை, யாரால் நடந்தது என்பதை, அவர்களிடம் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் கேட்டுவிட்டு வாங்காமல் போகிறார்கள். சலீம் பாய் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லாதீங்க என்று இதுவரை ஒரு தடவைகூடத் தடுத்ததில்லை.